காய்ச்சல் நாளில் யார் போவது? குழந்தை பிறந்தபின் வேலையைத் தொடர நான்கு வழிகள்

காலை பத்தரை மணி. மாத இறுதிக் கணக்கு முடிக்கும் கூட்டம். மேஜைமேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. டே கேர் எண். "பாப்பாவுக்கு உடம்பு சுடுதும்மா, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. சேர்க்கும்போது எழுதிக் கொடுத்த படிவத்தில் இரண்டு எண்கள் இருந்தன. முதலில் இருந்தது என் கணவரின் எண், அதற்குக் கீழேதான் என்னுடையது. அப்படியிருந்தும் பதினான்கு மாதங்களில் ஒரு தடவைகூட அவருக்கு அழைப்பு போனதில்லை.

குழந்தை பிறந்தபின் வேலையை என்ன செய்வது என்று என்னிடம் யோசனை கேட்கும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: காய்ச்சல் நாளில் யார் போவது? சம்பளம், அலுவலக தூரம், பதவி எல்லாம் அப்புறம். எந்த வழியும் நல்ல நாளில் நன்றாகவே ஓடும். குழந்தை தூங்கி, சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு கிளம்பும் நாளை வைத்து எதையும் எடை போட முடியாது. மோசமான நாளில் எந்த வழி தாங்குகிறது, பத்து வருடம் கழித்து அது நம்மை எங்கே கொண்டு போய் நிறுத்துகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான அம்மாக்கள் முன் இருப்பவை நான்கு வழிகள். விடுப்பு முடிந்ததும் முழுநேரமாகத் திரும்புவது, நேரத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்வது, சில வருடம் நிறுத்திவிட்டுப் பிறகு வருவது, வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பது. இவற்றில் மூன்றை நானே வாழ்ந்து பார்த்துவிட்டேன். நிறுத்திவிட்டுத் திரும்பும் வழியை என் அக்கா வாழ்ந்தாள், பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதலில் அந்த "மிச்சம்" கணக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கைச் சரி செய்தாக வேண்டும். ஏனென்றால் பாதிப் பேரின் முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அம்மாவின் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். டே கேருக்கு 60, போய்வர 10. மிச்சம் 30. "இந்த முப்பதுக்காகவா இவ்வளவு ஓட்டம்?" என்று யாராவது கேட்பார்கள். நமக்கும் அது நியாயமாகவே படும். கணக்கு எழுதுவதுதான் என் தொழில். எனக்கே படும்போது மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது.

இந்தக் கணக்கில் மூன்று தவறுகள் உண்டு. குழந்தை இரண்டு பேருடையது, ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு முழுவதையும் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறோம். இரண்டாவது, அந்த 60 என்ற செலவு சில வருடங்களுக்குத்தான். பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் குறைந்துவிடும். மூன்றாவதுதான் பெரிய தவறு. சம்பளம் 100-லேயே நிற்பதில்லை. வருடத்துக்கு 6 சதவீதம் கூடினால்கூட, விடாமல் வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருடத்தில் 134 ஆகிறது, பத்து வருடத்தில் 179. ஐந்து வருடம் நிறுத்திவிட்டு 90-க்குத் திரும்பச் சேர்ந்தவர் அதே பத்தாவது வருடத்தில் 120-ல் இருப்பார். நிறுத்தியது ஐந்து வருடம்தான். ஆனால் திரும்பி வந்து இன்னும் ஐந்து வருடம் உழைத்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஓய்வுக் காலச் சேமிப்பில் விழும் ஓட்டை இதில் சேரவில்லை.

இது கற்பனைக் கணக்கு. நிஜத்திலும் கதை இதே பக்கம்தான் சாய்கிறது. டென்மார்க்கில் 1980 முதல் 2013 வரையிலான வருமானப் பதிவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் வருமானம் ஒரே போக்கில் போகிறது. பிறந்ததும் பெண்ணின் வருமானம் சட்டென்று சரிகிறது. நெடுங்காலத்தில் சுமார் 20 சதவீத இடைவெளி அப்படியே நின்றுவிடுகிறது. ஆணின் கோட்டில் ஒரு அசைவும் இல்லை. குழந்தைக் காப்பகங்களும் விடுப்பும் நன்றாக அமைந்த ஒரு நாட்டிலேயே இப்படி என்றால், அவை இல்லாத இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பணத்துக்காக எல்லோரும் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்துவது என்று முடிவு செய்தால், உண்மையான விலையைத் தெரிந்துகொண்டு நிறுத்த வேண்டும். "மிச்சம் 30" என்பது அந்த விலை இல்லை.

விடுப்பு முடிந்ததும் முழுநேரம்

வேலையில் இருந்த இடம் போகாமல் காப்பாற்றுவதில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. பதவி உயர்வு, பழக்கப்பட்ட குழு, கைவந்த வேலை எல்லாம் அப்படியே இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ல் கொண்டுவந்த 183-வது உடன்படிக்கை குறைந்தது 14 வாரப் பிரசவ விடுப்பு வேண்டும் என்கிறது. விடுப்பு முடிந்து வருபவருக்கு அதே பதவியோ அதற்குச் சமமான பதவியோ, அதே சம்பளத்தில் கிடைக்க வேண்டும் என்றும், பாலூட்டத் தினமும் இடைவேளையோ வேலை நேரக் குறைப்போ தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடத் தாராளமாகவும் இருக்கலாம், கஞ்சத்தனமாகவும் இருக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். பிறந்தபின் படிக்க நேரம் கிடைக்காது.

சிக்கல் எங்கே என்றால், உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது. ஆறு மாதம் என்றால் 26 வாரம். 14-க்கும் 26-க்கும் நடுவில் இருக்கும் அந்த 12 வாரத்தை அம்மாவின் உடம்புதான் தாங்குகிறது. எடுத்து வைத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாளும் தாங்கும் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஓடிய நாட்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒரு காலை நீட்டிக் கதவை அழுத்திக்கொண்டே பம்ப் செய்வேன். விழா எடுத்து வாழ்த்துபவர்களைவிட, அந்தத் தாழ்ப்பாளைச் சரி செய்து கொடுக்கிற ஒரு நிறுவனம் அம்மாக்களுக்கு அதிகம் செய்கிறது என்பது அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குழந்தைக்கு இது கெடுதலா என்பதுதான் எல்லோரையும் அரிக்கிற கேள்வி. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி, பத்து இடங்களில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல வருடம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அம்மா மட்டும் வளர்த்த குழந்தைகளுக்கும், வேறொருவர் கவனிப்பிலும் வளர்ந்த குழந்தைகளுக்கும் பொதுவான வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுச் சூழலும், குழந்தையின் தேவையை அம்மா எவ்வளவு கூர்மையாகக் கவனித்துப் பதில் தருகிறார் என்பதும்தான் அதிகம் கணக்கில் வந்தன. அடுத்த இடம் காப்பகத்தின் தரத்துக்கு. மிக நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்த குழந்தைகளிடம் கொஞ்சம் கூடுதலாக முரட்டுத்தனம் தெரிந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆக, "வேலைக்குப் போவதா வேண்டாமா" என்று வாரக்கணக்கில் மருகுவதில் ஒரு பகுதியையாவது, நல்ல காப்பகம் தேடுவதற்குச் செலவழிக்கலாம். ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார், ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்களா, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் உள்ளே விடுகிறார்களா என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

இந்த வழி எங்கே முறியும் என்றால், காய்ச்சல் நாளில்தான். இரண்டாவது ஆள் இல்லாத முழுநேர வேலை ஒன்றிரண்டு வருடத்துக்குள் அம்மாவை உருக்கிவிடும். எனக்குப் பதினான்காவது மாதத்தில் அது நடந்தது.

நேரத்தைக் குறைத்துக்கொள்வது

நான் அடுத்துப் போனது இங்கே. காலையில் போய் மூன்று மணிக்கு வந்துவிடுவேன், சம்பளம் அந்த அளவுக்குக் குறைவு. இந்த வழியில் ஏமாறவும் இடம் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. எது நடக்கும் என்பது பெரும்பாலும் வேலையின் தன்மையைப் பொறுத்தது.

2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். சில வேலைகளில் இரண்டு மடங்கு நேரம் கொடுப்பவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம் கிடைக்கிறது. இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பவருக்குத்தான் அங்கே மரியாதை. அப்படிப்பட்ட வேலையில் நேரத்தைப் பாதியாக்கினால் சம்பளம் பாதிக்கும் கீழே போகும், வளர்ச்சி நின்றே போகும். இதற்கு நேரெதிராக அவர் காட்டுவது அமெரிக்க மருந்தாளர்களை. ஒரு காலத்தில் சொந்தக் கடை வைத்து எந்நேரமும் அங்கேயே கிடக்க வேண்டிய தொழில் அது. கடைகள் பெரிய நிறுவனங்களாகி, நோயாளிகளின் விவரமெல்லாம் கணினிக்கு வந்ததும், ஒரு மருந்தாளர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. இன்று அங்கே குறைந்த நேரம் வேலை செய்பவருக்கு மணிக்கணக்கில் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை.

அதனால் நேரக் குறைப்பைக் கேட்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: என் இடத்தில் நாளைக்கு இன்னொருவர் நின்றால் வேலை ஓடுமா? ஓடும் என்றால் இந்த வழி உங்களுக்கு நல்லது. ஓடாது, எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது என்றால், பெயருக்குத்தான் பாதி நேரம். என் அனுபவம் அப்படித்தான் தொடங்கியது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபின் இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பேன். பாதிச் சம்பளத்துக்கு முழு வேலை. பிறகு என் கையில் இருந்த கணக்குகளில் பாதியை வேறொருவர் பெயருக்கு எழுத்தில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். தயங்கித்தான் கேட்டேன், தந்தார்கள். நேரத்தைக் குறைக்கும்போது வேலையையும் சேர்த்துக் குறைத்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

குறைந்த நேரம் என்றால் குறைந்த லட்சியம் என்று நினைப்பவர்களுக்கு வானியலாளர் வேரா ரூபினைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நான்கு குழந்தைகளின் அம்மா. கைக்குழந்தை இருக்கும்போது மாலை வகுப்புகளுக்குப் போய் 1954-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை காரிலேயே உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார். வீட்டில் குழந்தைகளை வேராவின் பெற்றோர் பார்த்துக்கொண்டார்கள். 1965-ல் கார்னகி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தபோது, குழந்தைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படி, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் சுழலும் வேகத்தைப் பற்றி கென்ட் ஃபோர்டுடன் சேர்ந்து 1970-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்று உலகம் நம்புவதற்கு வழி திறந்தது. நான்கு பிள்ளைகளும் முனைவர் பட்டம் வாங்கினார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவருடைய விடாமுயற்சியைச் சொல்கிறார்கள். அது உண்மைதான். எனக்கு அந்தக் காரும், காரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரும்தான் கண்முன் நிற்கிறார்கள்.

சில வருடம் நிறுத்துவது

என் அக்கா ஆறு வருடம் நிறுத்தினாள். அந்த வருடங்களை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. குழந்தையின் முதல் வார்த்தையையும் முதல் நடையையும் அவள் வேறொருவர் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு விலை போட முடியாது. விரும்பி நிறுத்துபவரை "படித்த படிப்பு வீண்" என்று குத்துவது கொடுமை. குழந்தைக்குத் தனிக் கவனிப்பு தேவைப்படும் வீடுகளில் பல சமயம் வேறு வழியே இருப்பதில்லை.

ஆனால் திரும்பி வரும் வாசல் குறுகலானது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அம்மா என்று தெரிந்த விண்ணப்பத்துக்கு அழைப்பு குறைந்தது. அப்பா என்று தெரிந்ததற்குக் குறையவில்லை. வேலையில் இடைவெளியே இல்லாதவர்களுக்கு நேர்ந்தது இது. இடைவெளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அக்கா மூன்று நேர்முகத் தேர்வுகளில் பார்த்தாள். அவளுடைய துறையில் மென்பொருளே மாறியிருந்தது. கூட வேலை பார்த்தவர்களின் எண்கள்கூட அவளிடம் இல்லை.

அதனால் நிறுத்துவதாக இருந்தால், நூல் ஒன்றையாவது அறுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய சக ஊழியரோடு பேச்சு, காலாவதியாகாமல் புதுப்பித்த உரிமம், வருடத்துக்கு ஒரு சிறு வேலை, ஒரு சின்னப் படிப்பு, எதுவானாலும் சரி. இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் இதன் உச்சம். கணவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தர மாட்டார்கள் என்ற விதிகளால், பல வருடம் சம்பளமே இல்லாமலோ பெயரளவுச் சம்பளத்திலோ ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இரண்டு குழந்தைகள். முழுச் சம்பளத்துடன் பேராசிரியர் பதவி கிடைத்தது 1960-ல், ஐம்பது வயதைத் தாண்டியபின். 1963-ல் நோபல். அவருக்கு நடந்தது அநியாயம், அதை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் விடாமல் பிடித்திருந்த அந்த நூலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது திரும்புவது என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். "குழந்தை கொஞ்சம் பெருசாகட்டும்" என்பது தேதி இல்லை. அக்கா வீட்டில் அந்தக் "கொஞ்சம்" ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம் தள்ளிப்போனது.

வீட்டில் இருந்தே வேலை

கேட்டதும் எல்லோருக்கும் பிடிக்கிற வழி இதுதான். எனக்கும் பிடித்திருந்தது. நான்கில் இதைத்தான் கடைசியில் வைக்கிறேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் இருந்துதானே வேலை, டே கேர் எதற்கு என்று நிறுத்திவிட்டோம். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழைந்தது. ஒரு வட்டம், நான்கு கோடு, என்னைத்தான் வரைந்திருக்கிறாள். நான் எழவில்லை. இன்னொரு தாள் வந்தது. அப்புறம் இன்னொன்று. கூட்டம் முடிந்து கதவைத் திறந்தபோது காலடியில் பதினோரு தாள்கள் கிடந்தன. கடைசி இரண்டில் எதுவும் வரைந்திருக்கவில்லை. அவள் கதவில் சாய்ந்து தூங்கியிருந்தாள். கூட்டத்திலும் நான் முழுதாக இல்லை, அவளிடமும் இல்லை.

இந்த வழியின் குறை வீட்டில் இருப்பதில் இல்லை. பார்த்துக்கொள்ள ஆளே வேண்டாம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. குழந்தையைப் பார்ப்பது ஒரு வேலை, கணக்கு எழுதுவது ஒரு வேலை. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் செய்ய முடியாது. வேலை நேரத்தில் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டால், வீட்டிலிருந்து வேலை செய்வது கடைசி இடத்திலிருந்து நேரக் குறைப்புக்கு அடுத்த இடத்துக்கு ஏறிவிடும். போகவர ஆகும் நேரம் மிச்சமாகும், பாலூட்ட முடியும், மதியம் ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ளலாம். சொந்தத் தொழில் தொடங்கும் அம்மாக்களுக்கும் இதுவே பொருந்தும். குழந்தை தூங்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று ஆரம்பிக்கிற தொழில், குழந்தை தூங்காத முதல் வாரத்திலேயே தடுமாறும்.

மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிற ஒன்று

இந்த நான்கு வழிகளும் அம்மா ஒருத்தியின் முடிவுகளாகவே பேசப்படுகின்றன. எனக்கு வருத்தம் அதில்தான். அப்பா தன் பங்கை முழுதாக எடுத்துக்கொண்டால் முதல் வழி தாங்கும், இரண்டாவது ஏமாற்றாது, மூன்றாவதற்கு முடிவுத் தேதி கிடைக்கும், நான்காவதில் கதவுக்கு வெளியே ஓர் ஆள் இருப்பார்.

மனசு இருந்தால் அப்பாக்கள் செய்வார்கள் என்று காத்திருந்தால் நடக்காது. ஸ்வீடன் 1974-லேயே குழந்தை வளர்ப்பு விடுப்பை அப்பாவும் எடுக்கலாம் என்று திறந்துவிட்டது. அப்போது எடுத்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். 1995-ல் ஒரு மாதம் அப்பாவுக்கு மட்டும், எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே அது கிடைக்காமல் போய்விடும் என்று ஆக்கியதும் எடுப்பவர்கள் கூடினார்கள். இன்று மொத்தம் 480 நாள், அதில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் மற்றவருக்கு மாற்றித்தர முடியாதது. "முடிந்தால் செய்" என்பதற்கும் "இது உன்னுடையது" என்பதற்கும் உள்ள தூரம் அது. வீட்டுக்குள்ளும் அதே தூரம்தான்.

நாங்கள் செய்தது சின்ன விஷயம். டே கேருக்குப் போய்ப் படிவத்தில் செவ்வாய், வியாழன், வெள்ளிக்கு என் எண்ணை அடித்துவிட்டு, அவர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தோம். முதல் அழைப்பு வந்த நாளில் அவர் எனக்கு போன் செய்து, "என்ன மருந்து, எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டார். "டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க" என்றேன். கொடுமையாகத் தோன்றலாம். எனக்கே அன்று வயிற்றைப் பிசைந்தது. மூன்றாவது அழைப்புக்கு அவர் என்னைக் கேட்கவில்லை. மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?

காய்ச்சல் நாளைப் பகிர்ந்துகொள்ள ஆள் உறுதியாக இருந்து, வேலையும் பிடித்திருந்தால் முழுநேரத்துக்கே திரும்புங்கள். முதல் மூன்று மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த மூன்று மாதம் எல்லோருக்கும் நரகம்தான். ஆள் அரைகுறையாகத்தான் இருக்கிறார், வேலை இன்னொருவர் கைக்கு மாறக்கூடியது என்றால் நேரக் குறைப்பு, அதுவும் ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடம் என்று எழுதி வாங்கிக்கொண்டு. வேலையே பிடிக்கவில்லை, எப்படியும் மாறப் போகிறீர்கள் என்றால் நிறுத்துவதில் இழப்பு குறைவு. அந்தக் காலத்தை அடுத்த துறைக்குப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

தனியாக வளர்க்கும் அம்மாக்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. நிறுத்துவது அவர்களில் பலருக்குக் கையில் இருக்கும் தேர்வே இல்லை. சம்பளத்தின் அளவைவிட, சட்டென்று கிளம்ப விடுகிற மேலதிகாரியும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பகமும் அவர்களுக்கு மேல். இரண்டாவது எண் என்ற இடத்தில் அம்மாவோ, தங்கையோ, நம்பிக்கையான ஒரு தோழியோ, யாராவது ஒருவரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். காய்ச்சல் வந்த பிறகு கேட்பதைவிட, வருவதற்கு முன்பே கேட்டு வைப்பது சுலபம்.

எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பேசுகிறோம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன தடவை அவளும் வந்து உட்கார்ந்தாள். நான் மறுபடி முழுநேரம் போகப் போவதாகச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழமை அப்பாதானே?"

"ஆமா," என்றார் அவர். அந்த மாதமே முழுநேரத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டேன்.